மலைச்சரிவும் மன்றமும்

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை கலகெதரக் குன்றுகளின் ஊடே இறங்குகின்றது. அடைமழையோடு மண்சரிவின் அச்சமும் வரும் மலைநாடு அது. உலகம் வெப்பமுறுவதால் பெருமழையின் கடுமையும் மிகுகின்றது. மழை கட்சி பார்த்துப் பெய்வதில்லை. அதற்குக் காப்பாகச் சட்டம் இயற்றுவோரோ கட்சியினரே.

2004ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் ஆட்சியமைத்த கூட்டணி, 225 ஆசனங்களுள் 105ஐயே பெற்றிருந்தது. பிற கட்சிகளின் துணையின்றி அதற்குப் பெரும்பான்மை இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை எழுந்தது. 2005 மே மாதத்தில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறிற்று. மண்சரிவு, வெள்ளம், வறட்சி, சூறாவளி யாவும் அதனுள் அடங்கின. அச்சட்டம் அமைத்த தேசியப் பேரவைக்குச் சனாதிபதி தலைவர். எதிர்க்கட்சித் தலைவரும் அதில் ஓர் உறுப்பினர். எதிரணியும் தனதென்று கொள்ளத்தக்க ஏற்பாடு அது. அடுத்த மாதமே மக்கள் விடுதலை முன்னணி ஆட்சியை விட்டு விலகியது, பின்னர் அரசுகளும் மாறின, சட்டம் நிலைத்தது.

ஆயினும் 2025 நவம்பரில் டித்வா புயல் வீசியபோது, கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து பல உயிர்கள் மாண்டன. எதிரணிக்கு இருக்கை அளித்தல் உடன்பாட்டின் பாதியே. மழைக்கு முன்னரே அதில் அமர்ந்து, கூடிப் பேசி, செயலாற்றுதல் மறுபாதி.