‘பற’ என்னும் வினை: சொற்பொருள் கருத்தரங்கத் தலைமை உரை



அரிய சொற்களுக்கு நிகண்டுகளும் உரையாசிரியர்களும் காவலாக இருக்கிறார்கள். அன்றாடச் சொல்லைத்தான் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறோம். ஆகவே இன்று குழந்தையும் பேசும் ‘பற’ என்ற வினையை எடுத்துக்கொள்கிறேன்.

பறவை பறக்கிறது, அதில் சிக்கல் இல்லை. கொடி பறக்கிறது, ஆனால் கம்பத்தை விட்டு எங்கும் போவதில்லை. தூசி பறக்கிறது, விவாதத்தில் அனல் பறக்கிறது, மேலிடத்திலிருந்து உத்தரவு பறக்கிறது. பட்டினி கிடந்தவன் கண்ணில் பூச்சி பறக்கிறது. இவையெல்லாம் பறவையிலிருந்து கிளைத்த உருவகங்கள் என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி காட்டும் இனச்சொற்களைப் பாருங்கள். கன்னட ‘ஹாரு’ பறத்தலையும் குதித்தலையும் குறிக்கிறது. தெலுங்குப் ‘பாரு’ நீர் ஓடுவதைக் குறிக்கிறது. விரைவு என்ற பொருள் இச்சொல்லில் பிற்காலத்தில் வந்து ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறகளவு பழையதாகவும் இருக்கலாம்.

மனிதர் எழுவாயாக வரும்போது இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ‘டெல்லிக்குப் பறந்தார்’ என்றால் பயணம். ‘பணத்துக்குப் பறக்கிறான்’ என்றால் பேராசை. இரண்டிலும் நான்காம் வேற்றுமைதான். அதை ஏற்ற பெயர் இடமா, வேண்டும் பொருளா என்பதே வேறுபாடு. ஆனால் கோடையில் காலிக்குடத்தோடு நிற்கும் பெண் ‘ஒரு குடம் தண்ணிக்கு ஆலாப் பறக்குறோம்’ என்கிறாளே, அதில் பேராசை எங்கே இருக்கிறது? அது தவிப்பு. இந்த இரண்டையும் ஒரே எண்ணிட்ட பொருளுக்குள் அடைப்பது அவளுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். ‘பறந்து பறந்து வேலை செய்தாள்’ என்று எச்சம் இரட்டித்தால் ஓய்வின்மை. ‘பறந்து போயிற்று’ என்றால் மறைவு. பட்டத்தைப் பறக்கவிடுவதும் வாக்குறுதியைக் காற்றில் பறக்கவிடுவதும் ஒன்றல்ல.

பாரதியின் சிட்டுக்குருவியை அறிந்த நமக்குப் பறத்தல் என்றால் விடுதலை. தெருப்பேச்சில் பறக்கும் மனிதனோ பெரும்பாலும் தேவை துரத்த ஓடுபவன். அகராதி இரண்டுக்கும் ஒரே மதிப்புத் தர வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1992இல் வந்த க்ரியாவின் அகராதி தற்கால எழுத்து வழக்கை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தந்தது. ஆனால் சொல் அகராதியோடு நின்றுவிடுவதில்லை. அதன்பின் 1995இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயிலை மக்கள் ‘பறக்கும் ரயில்’ ஆக்கினார்கள். தேர்தல்தோறும் ‘பறக்கும் படை’ வருகிறது. இலங்கைத் தமிழில் விமானம் செல்வது ‘பறப்பு’.

கட்டுரையாளர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். பொருட்பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். யார் பேசியது, எந்த ஊரில், எந்த எழுவாயோடு, எந்த வேற்றுமையோடு என்பதையும் சேர்த்துத் தாருங்கள். பேச்சுவழக்குச் சான்றுகளைத் திருத்தாமல், கேட்டபடியே படியுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.