களத்தில் தொடங்கும் பாலின் தரம்



கறவைச் செம்மறிகளுக்கு எண்ணெய் வித்துகளைத் தந்து பாலின் தரத்தை உயர்த்துவது எப்படி என்பது நம் கருத்தரங்கின் பொருள். விழுப்புரம் மாவட்டத்தில் செம்மறிப் பாலைக் கறந்து விற்பவர் யார் என்று பின்வரிசையில் இருப்பவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பக்கத்துச் சென்னைச் சிவப்புச் செம்மறி, கறிக்காகவே வளர்க்கப்படும் இனம். அதன் பாலுக்கு ஒரே வாடிக்கையாளர் அதன் குட்டிதான். ஆனால் அந்த வாடிக்கையாளரின் எடைதான் வளர்ப்பவரின் வருமானம். பிறந்த சில வாரங்களுக்குக் குட்டிக்கு வேறு உணவு கிடையாது. ஆகவே இந்தப் பொருள் நமக்கு அயலானதன்று.

இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வருகின்றன. சார்டினியாவின் சார்டா, பிரான்சின் லக்கோன் போன்ற இனங்களின் பால் அங்கே பாலாடைக்கட்டியாகிறது. செம்மறிப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு. பசும்பாலில் ஏறத்தாழ அதில் பாதிதான் இருக்கும். அந்தக் கொழுப்பின் தன்மையைத் தீவனத்தால் மாற்ற முடியும். ஆளி விதையோ சூரியகாந்தி விதையோ தின்ற ஆட்டின் முதல் இரைப்பையில், நிறைவுறாக் கொழுப்பை நுண்ணுயிரிகள் நிறைவுற்ற கொழுப்பாக மாற்றத் தொடங்குகின்றன. அந்த வேலை முடியுமுன்பே ஒரு பகுதி வாக்சினிக் அமிலமாகத் தப்பி, இரத்தத்தின் வழியே மடியை அடைகிறது. அங்குள்ள நொதி அதை ருமெனிக் அமிலம் என்னும் நல்ல கொழுப்பாக மாற்றுகிறது. கூடவே, பாலின் நிறைவுற்ற கொழுப்பில் ஒரு பங்கு குறைகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. தீவனத்தின் உலர் எடையில் மொத்தக் கொழுப்பு 6, 7 விழுக்காட்டைத் தாண்டினால், நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் தளர்ந்துவிடும். ஆடு தீவனம் எடுப்பது குறையும்.

இந்த முடிவுகளை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. ஆளி விதை நம் மண்ணின் பயிரன்று. திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கம் விளைவது மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் எள்ளும். அவற்றின் எண்ணெயில் ஓலிக், லினோலிக் அமிலங்களே மிகுதி. ஆளியின் சிறப்பான ஒமேகா-3 அவற்றில் இல்லையென்றே சொல்லலாம். மேலும், நம் ஆட்டுக்குக் கிடைப்பது வித்து அன்று, பிண்ணாக்கு. செக்குப் பிண்ணாக்கில் 7, 8 விழுக்காடு எண்ணெய் தங்கும். கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் ஒரு விழுக்காடு அளவே மிஞ்சும். இரண்டையும் ‘கடலைப் பிண்ணாக்கு’ என்று ஒரே பெயரால் அழைத்துவிட்டு, ஒரே அளவு தாருங்கள் என்று பரிந்துரைப்பது அறிவியல் ஆகாது.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவதைச் சொல்கிறேன். பாலில் நல்ல கொழுப்பைச் சேர்ப்பதற்கு முன், நஞ்சைச் சேர்க்காமல் இருக்க வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சினை உலகம் அறிந்தது அப்படித்தான். பூஞ்சணம் பிடித்த கடலையை ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயில் போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. சமையல் சூட்டுக்கும் அது அழிவதில்லை. தின்ற கால்நடையின் ஈரலில் எம்1 என்னும் வடிவம் பெற்றுப் பாலில் இறங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 5.7 விழுக்காட்டில் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அதிகமாகக் காணப்பட்ட மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. நம் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய வரம்பு அதில் பத்தில் ஒரு பங்கு.

நம் பருவமும் இதற்குத் துணைபோகிறது. மானாவாரி மல்லாட்டையைப் பிடுங்கும் வேளையில் வடகிழக்கு மழை தொடங்கிவிடும். காயாத காய் களத்தில் குவியும். பொறுக்கியெடுத்த பருப்பு நல்ல விலைக்குப் போகும். சொத்தையும் சுருங்கலும் செக்குக்குப் போய்ப் பிண்ணாக்காக ஆட்டிடம் வரும்.

இதைத் தீர்க்க வேண்டிய இரு துறையினரும் நம் மாவட்டத்துக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறார்கள். 1940இல் டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகத்தைத் தந்த ஊர் திண்டிவனம். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பரவிய ரகம் அது. எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. சென்னைச் சிவப்பை ஆராயும் கால்நடைப் பல்கலைக்கழக நிலையம் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. பயிர் அறிஞர் மகசூலோடு நின்றுவிடுகிறார். கால்நடை அறிஞர் பிண்ணாக்கு மூட்டையிலிருந்து தொடங்குகிறார். களத்துக்கும் மூட்டைக்கும் இடையே நடப்பதற்குப் பொறுப்பாளர் இல்லை.

எனவே மூன்று வேண்டுகோள்கள். மார்க்கெட் கமிட்டிகளில் ஈரப்பதம் பார்த்து, நன்கு உலர்ந்த காய்க்குக் கூடுதல் விலை கிடைக்க வழி காணுங்கள். விற்பனைக்கு வரும் பிண்ணாக்கின் எண்ணெய் அளவையும் நஞ்சின் அளவையும் மூட்டையிலேயே அச்சிட வலியுறுத்துங்கள். ஈன்ற ஆட்டுக்கு எள்ளுப் பிண்ணாக்கையும் கடலைப் பிண்ணாக்கையும் எந்த அளவில் தந்தால் குட்டியின் எடை கூடுகிறது என்பதை, ஆய்வுப் பண்ணையோடு நிறுத்தாமல், கிடை போடுவோரின் மந்தையிலும் அளந்து பாருங்கள்.

இக்கருத்தரங்கின் கட்டுரைகள் இந்த மூன்றில் ஒன்றுக்கேனும் விடை தந்தால், நாம் கூடியது வீண் போகாது. அமர்வுகள் தொடங்கட்டும்.