சாவி யாரிடம்?

நான் தலைமையாசிரியனாயிருந்தபோது, மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்திருப்பேன். ஆயினும், ஆண்டாய்வுக்கு வரும் கல்வி அதிகாரி அதைத் திறக்கச் செய்து பார்ப்பார்.

இன்று ஓய்வூதியத்திற்காக, நான் உயிரோடிருப்பதைக் கைரேகை வைத்துக் கணினிக்கு மெய்ப்பிக்கிறேன். வசதிதான். ஆனால், கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். கைரேகையை மாற்ற இயலுமோ?

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அச்சட்டம் இடந்தருகிறது.

பூட்டு எத்துணை வலிதாயினும், சாவி வைத்திருப்பவரைச் சோதிக்க ஒருவர் வேண்டும். அன்று என்னைச் சோதித்தார்கள், நான் வருந்தியதில்லை.