அவசரம் வந்தால் ஓடாதீர்கள்
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இன்றைக்கு நான் பேசப்போவதை நம் வீடுகளில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஒன்றுக்கு வருகிறது என்று தோன்றிய நொடியிலேயே அடக்க முடியாமல் போகிறது. பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் துணி நனைந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சேந்தமங்கலத்துக்காரர்களுக்குக் கொல்லிமலை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள், நினைத்த இடத்தில் இறங்க முடியாது. இதற்குப் பயந்தே, ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குக் கூப்பிட்டால் "முட்டி வலி" என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. கல்யாணம், கோயில் என்று ஒவ்வொன்றாக விட்டுப்போகிறது.

சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். பாதி நிறையும்போதே முதல் உணர்வு வரும், பிறகும் பை பொறுத்திருக்கும். இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்கு நிறைவதற்கு முன்பே பையின் தசை தானாக இறுகிவிடுகிறது. வயதானால் இது அதிகம் வரும், ஆனால் வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதில்லை.

பலரும் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, தண்ணீரைக் குறைப்பது. அப்போது சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். டீ, காபியைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரண்டு, ஓடுவது. ராத்திரியில் ஓடித்தான் பல பெரியவர்கள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

அவசரம் அலை போல எழும், அடங்கும். வந்ததும் அப்படியே நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். காற்றை அடக்குவது போல அடித்தசையை ஐந்தாறு முறை இறுக்கி விடுங்கள். மூச்சை நிதானமாக விடுங்கள். அலை தணிந்தபின் நடந்து போங்கள்.

மூன்று நாள் ஒரு நோட்டில் எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது கசிந்தது என்று எழுதுங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை போகிறீர்கள் என்றால், அடுத்த வாரம் ஒன்றேகால் மணி ஆக்குங்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குறைந்தது ஆறு வாரம் பழக வேண்டும். அடித்தசைப் பயிற்சியை ஒரு வேளைக்கு எட்டு முறை, தினம் மூன்று வேளை, மூன்று மாதம் செய்யுங்கள்.

ஆனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் ஆகியவையும் காரணமாக இருக்கும். சில பிரஷர் மாத்திரைகள் நீரைப் பிரிக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், எந்த நேரம் போடலாம் என்று கேளுங்கள். பயிற்சியில் சரியாகாதவர்களுக்கு மருந்தும் உண்டு. 2021 முதல் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் அடைப்பு, திடீரெனக் கால் மரத்துப்போதல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கீழ்த்தளத்துப் பொதுக் கழிவறையைப் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த முறை மலைக்கு வேன் ஏற்பாடு செய்தால், ஏறுவதற்கு முன் கழிவறை உள்ள இடத்தில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். "முட்டி வலி" என்றவர்களில் சிலராவது கூட வருவார்கள்.