குழாய் அகலும் வேளை

சத்திரசிகிச்சை என்றவுடன் மக்கள் மனத்தில் தோன்றுவன கத்தியும் மயக்க மருந்துமே. மயங்கும் வேளையை எண்ணி அஞ்சுவோர் பலர். விழிக்கும் வேளையை எண்ணுவோர் மிகச் சிலர். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கோ இரண்டுமே விழிப்பாயிருக்க வேண்டிய வேளைகள். நடுக்கடலைக் கடந்த தோணிக்கும் துறை புகும் இடத்தில் கல்லும் மணலும் உண்டல்லவா?

பெரிய சத்திரசிகிச்சைகள் பலவற்றில், நோயாளியின் வாய்வழியாக மூச்சுக்குழலினுள் ஒரு குழாய் செலுத்தப்படுகிறது. 1878ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்கீவென் என்னும் சத்திரவைத்தியர் இம்முறையைக் கையாண்டார். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் வைத்தியசாலையில் சிகிச்சை நடைபெற்ற காலத்தில், ஐவன் மகில், ஸ்டான்லி ரோபொதம் ஆகிய இருவரும் இதனைச் செம்மைப்படுத்தினர். குழாய் காற்றைக் கொண்டுசெல்வதோடு, இரைப்பையிலிருந்து மேலெழும் நீர் நுரையீரலுட் புகாமலும் காக்கிறது.

ஆயினும், மயக்கம் தெளியத் தெளிய, காவலாயிருந்த குழாயே தொண்டைக்கு அந்நியப் பொருளாகிறது. நோயாளி இருமுகிறார்; திமிறுகிறார்; குருதியமுக்கமும் இதயத் துடிப்பும் உயர்கின்றன. வலுவான உடலுக்கு இது சிறு தொல்லையாகலாம். ஆனால், கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியை அகற்றிய பின் கடுமையாக இருமினால், கட்டிய நாளங்கள் மீண்டும் குருதி கசியக்கூடும். கண்ணிலும் மூளையிலும் சிகிச்சை பெற்றவர்களுக்கு அமுக்க உயர்வு தீங்கு பயக்கும். இதய நோயாளிக்கு அது பெருஞ்சுமை.

அவ்வாறாயின், ஆழ்ந்த மயக்கத்திலேயே குழாயை எடுத்துவிடலாகாதா? எடுக்கலாம், சிலருக்கு எடுப்பதும் உண்டு. ஆனால் அப்பொழுது நா பின்சரிந்து காற்றுவழியை அடைக்கலாம். இரைப்பை நீரும் நுரையீரலுட் செல்லலாம். அரைமயக்கத்தில் எடுப்பதோ இன்னும் இடர் மிக்கது: குரல்நாண்கள் இறுக மூடிக்கொண்டு மூச்சே நின்றுவிடக்கூடும்.

இவ்விரு இடர்களுக்கும் நடுவே ஒரு வழி தேடியபோதுதான் அமைதியூட்டும் மருந்துகள் துணைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று டெக்ஸ்மெடெடோமிடின். இது மூளைத்தண்டில் விழிப்பைப் பேணும் ஒரு சிறு நரம்பணுத் தொகுதியை அடக்கி, இயற்கைத் துயிலையொத்த அமைதியைத் தருகிறது. மூச்சை அதிகம் தளர்த்துவதில்லை. அழைத்தால் நோயாளி கண் திறப்பார். பின் அமைதியாய்க் கிடப்பார். ஆனால் இது இதயத் துடிப்பை மந்தமாக்கும், குருதியமுக்கத்தையும் தாழ்த்தும். ஆதலால் மெல்ல மெல்லவே ஏற்றப்படுகிறது.

மற்றொன்று ரெமிபென்டனில். குருதியிலும் இழையங்களிலுமுள்ள நொதிகள் இதனைச் சிதைத்துவிடுவதால், ஏற்றுவதை நிறுத்திய சில நிமிடங்களில் இதன் வலிமை தணிகிறது. சிறிய அளவில் தொடர்ந்து ஏற்றினால் இருமலை அடக்கும். அளவு மிகுந்தால் மூச்சையும் அடக்கிவிடும். சுவீடனில் 1943இல் ஆக்கப்பெற்ற லிடொகெயின் என்னும் மரக்கச்செய்யும் மருந்தும் இருமலைத் தணிக்கப் பயன்படுகிறது.

எனினும், மருந்து விழிப்புக்கு ஈடாகாது. தசைகளைத் தளர்த்திய மருந்தின் வலிமை நீங்கியதா, நோயாளி தாமாக மூச்சுவிடுகிறாரா, தொண்டையிலுள்ள சளி அகற்றப்பட்டதா என்பனவற்றை ஆராய்ந்த பின்னரே குழாய் எடுக்கப்படல் வேண்டும். மீண்டும் குழாய் செலுத்துவதற்கான கருவிகளும் பக்கத்தில் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். பிரித்தானியாவில் 2011இல் வெளியான ஒரு பேராய்வு, மயக்க மருந்தின்போது காற்றுவழியில் நேர்ந்த கடும் இடர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, மயக்கம் தெளியும் வேளையிலோ அதன் பின்னரோ நிகழ்ந்தவை எனக் காட்டிற்று. அடுத்த ஆண்டே குழாய் அகற்றுதற்கெனத் தனி நெறிமுறைகள் அங்கு வகுக்கப்பட்டன.

இதில் நோயாளியின் பங்கும் உண்டு. புகைப்பழக்கம், அண்மையில் வந்த தடிமன், ஈழை, இதய நோய், முன்னைய சிகிச்சையின்போது நேர்ந்த இடர் ஆகியவற்றை மறையாது முன்னரே வைத்தியரிடம் கூறுதல் நன்று. எந்த மருந்தை, எவ்வளவு, எப்பொழுது கொடுப்பது என்னும் முடிவு அச்சொற்களையும் சார்ந்தே அமைகிறது. கத்தி ஓய்ந்த பின்னும் சிகிச்சை ஓயவில்லை; நோயாளி தம் மூச்சைத் தாமே ஏற்று அமைதியாகக் கண் விழிக்கும்போதுதான் அது நிறைவெய்துகிறது.