ஜெயிலுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்தில் மில் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காவில் ஜெயிலில் ஆளைப் போட்டால், ஓட்டல் ரூம் மாதிரி நாள் வாடகை உண்டாமே, மெய்தானா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் விஷயம் மெய். இன்று அதைச் சொல்கிறோம்.

மேற்கு விர்ஜீனியா என்று ஒரு ராஜ்யம். மலையும் நிலக்கரிச் சுரங்கமும் நிறைந்த சீமை. அங்கே 55 கவுண்டிகள். கவுண்டி என்றால் நமது ஜில்லா மாதிரி, ஆனால் அளவில் மிகச் சிறியது. முன்பு ஒவ்வொரு கவுண்டிக்கும் சொந்த ஜெயில் இருந்தது. பழைய கட்டிடம், நாற்றம், நெரிசல். கோர்ட்டுகளில் வழக்குக்கு மேல் வழக்கு. 1985-ல் ராஜ்ய சர்க்கார் சட்டம் போட்டு, பல கவுண்டிகளுக்குப் பொதுவாகப் பிராந்திய ஜெயில்களைக் கட்டியது. இப்போது அப்படிப் பத்து இருக்கின்றன.

ஜெயில் ராஜ்யத்தினுடையது. செலவு யாருடையது? தண்டனை பெற்று ராஜ்யச் சிறைக்குரியவனாகிவிட்ட கைதிக்கு ராஜ்யம் கொடுக்கும். விசாரணைக் கைதிக்கும் சிறு குற்றத்துக்காக உள்ளே இருப்பவனுக்கும் கவுண்டி கொடுக்க வேண்டும். தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு. பல வருஷங்கள் அந்த விகிதம் 48 டாலர் 25 சென்ட். ஒரே ஆள் ஒரு வருஷம் உள்ளே இருந்தால் 17,600 டாலருக்கு மேல். மாதாமாதம் பில் வந்துவிடும்.

இங்கேதான் வேடிக்கை. ஆளைப் பிடிப்பவர் ராஜ்யப் போலீஸாக இருக்கலாம். ஜாமீன் தொகை போடுபவர் மாஜிஸ்டிரேட். விலை நிர்ணயிப்பது ராஜ்யம். கவுண்டி கமிஷனுக்கு இவற்றில் எதிலும் வாய் இல்லை. பணம் கட்ட மட்டும் கை இருக்கிறது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சில்லறைக் குற்றத்துக்கு ஒரு கூலிக்காரனைப் பிடிக்கிறார்கள். 500 டாலர் ஜாமீன் என்கிறார் மாஜிஸ்டிரேட். ஜாமீன் வியாபாரம் செய்யும் தரகனிடம் போனால் பத்தில் ஒரு பங்கு, 50 டாலர், கமிஷன் கேட்பான். திரும்ப வராத பணம். அந்த 50 டாலர் அவனிடம் இல்லை. அறுபது நாள் உள்ளே கிடக்கிறான். கவுண்டிக்கு வரும் பில் 2,895 டாலர். அவன் வேலை போயிற்று. வீட்டு வாடகை நின்றது. அவன் குற்றவாளி என்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை. இது ஏதோ அபூர்வம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் உள்ளூர் ஜெயில்களில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்படித் தீர்ப்பாகாதவர்களே.

சரி, கவுண்டி எங்கிருந்து கட்டும்? மெக்டவல் கவுண்டியைப் பாருங்கள். நிலக்கரிச் சீமை. 1950-ல் ஜனத்தொகை 98,887. 2020-ல் 19,111. முதலில் யந்திரம் வந்து ஆட்களைத் துரத்தியது. பிறகு மலிவான எரிவாயு வந்து நிலக்கரியையே துரத்தியது. வெட்டிய நிலக்கரி மீது ராஜ்யம் போடும் வரியில் கவுண்டிகளுக்கு ஒரு சிறு பங்கு வரும். அதுவும் சுருங்கியது. ஜெயில் பில் மட்டும் சுருங்கவில்லை. ஆம்புலன்ஸ், புத்தகசாலை எல்லாம் அதே பெட்டியிலிருந்துதான் பெற வேண்டும். பல கவுண்டிகள் பாக்கி வைத்தன.

"கைதியைக் குறைத்தால் பில் குறையுமே" என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு கவுண்டிக்குக் குறையும். எல்லோரும் குறைத்தால்? வார்டர் சம்பளம், மின்சாரம், கட்டிடப் பராமரிப்பு எதுவும் குறையாதே. மொத்தச் செலவைத் தலைக்கணக்கில் பங்கிட்டால், தலை குறையக் குறைய விலை ஏறும். காலி மில்லில் ஒரே ஒரு தறி ஓடினால் ஒரு கஜம் துணிக்கு என்ன அடக்க விலை ஆகும்? உங்களுக்குத் தெரியாததா?

1921-ம் வருஷத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. அதே சீமையில், லோகன் கவுண்டியில், ஷெரீப்பின் போலீஸ்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் நிலக்கரி முதலாளிகள். ஒளிவு மறைவு இல்லை. பக்கத்து மிங்கோ கவுண்டி ஜெயிலில் ராணுவச் சட்டத்தின் கீழ் அடைத்த சங்கத் தோழர்களை மீட்கச் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு புறப்பட்டார்கள். பிளேர் மலையில் சண்டை நடந்தது. அன்று ஆளைப் பிடிக்கும் கூலியை முதலாளி கொடுத்தான். இன்று சுரங்கம் மூடிய ஊர், தன் வேலையற்ற பிள்ளைகளை அடைத்து வைக்கத் தானே பணம் கட்டுகிறது.

வார்டர்கள் சங்கதியும் உண்டு. சம்பளம் போதாமல் அவர்கள் விலகிக்கொண்டே இருந்தார்கள். 2022 ஆகஸ்டில் கவர்னர் அவசர நிலை பிரகடனம் செய்து, ஜெயில் வேலைக்குப் பட்டாளத்தாரை அனுப்ப வேண்டியதாயிற்று.

2023-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜனத்தொகைப்படி ஒவ்வொரு கவுண்டிக்கும் இத்தனை கைதி நாள் என்று ஒரு பங்கு. அதில் முதல் 80 சதம் நாட்களுக்கு விலையில் 80 சதம் கொடுத்தால் போதும். மீதிப் பங்குக்கு முழு விலை. பங்கைத் தாண்டினால் 120 சதம். கட்டுச் செட்டான கவுண்டிக்கு இதனால் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜனங்கள் ஓடிப்போன கவுண்டிக்குப் பங்கே சிறிது. வேலையின்மையும் போதைப் பழக்கமும் மண்டிய இடமும் அதுதான். அபராத விலை யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

மில் தோழர் இன்னொன்றும் கேட்டார்: "நம் பஞ்சாயத்துக்கும் இப்படிப் பில் வருமா?" வராது. நமது அரசியல் சட்டப்படி சிறை மாநில சர்க்காரின் பொறுப்பு. ஆனால் 2022 முடிவில் நம் நாட்டுச் சிறைகளில் இருந்த நூறு பேரில் எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். கைநாட்டு வைக்கச் சொத்துள்ள ஆள் கிடைக்காமல் உள்ளே கிடக்கும் விவசாயக் கூலியை இங்கே உள்ள தோழர்களில் பலர் நேரில் கண்டிருக்கிறீர்கள். அந்த அனுபவங்களை இப்போது எழுந்து சொல்லுங்கள், நாம் குறித்துக்கொள்கிறோம்.