மாடு பிடிபட்டது, ஆள் பிடிபடவில்லை

எல்லை தாண்டிய கடத்தல் என்பது ஒரு நாட்டில் எளிதில் கிடைக்கும் பொருளை, அது தடுக்கப்பட்ட அல்லது விலை கூடிய மறுநாட்டுக்குச் சட்டத்தின் கண்ணை மறைத்துக் கொண்டுசெல்லும் வணிகம் என்றே பொதுவாக வரையறுக்கப்படுகிறது. மேற்கு வங்க எல்லைக்கு அந்த வரையறை போதாது. அங்கே சட்டத்தின் கண் விலைக்கு வாங்கப்பட்டது என்பதே மத்தியப் புலனாய்வுத் துறை 2020 செப்டம்பரில் பதிந்த மாட்டுக் கடத்தல் வழக்கின் சாரம்.

2015 டிசம்பர் முதல் 2017 ஏப்ரல் வரையிலான பதினாறு மாதங்களில், மால்டா, முர்ஷிதாபாத் எல்லையில் காவலிருந்த எல்லைப் பாதுகாப்புப் படைப்பிரிவு, வங்கதேசத்துக்குக் கடத்தப்பட இருந்த 20,000க்கு மேற்பட்ட மாடுகளைப் பிடித்தது. அவற்றை ஏற்றிவந்த வண்டிகளும் பிடிபடவில்லை, ஓட்டிவந்த ஆட்களும் பிடிபடவில்லை என்கிறது வழக்கு. பிடிபட்ட மாடு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சிறிய இனம் என்று பதியப்பட்டு, சுங்கத் துறை ஏலத்தில் அடிமாட்டு விலைக்குக் கடத்தல்காரரிடமே திரும்பியது. மாடு ஒன்றுக்குப் படை அதிகாரிகளுக்கு 2,000 ரூபாயும் சுங்க அதிகாரிகளுக்கு 500 ரூபாயும் கைமாறின என்பது குற்றச்சாட்டு. படைப்பிரிவின் தலைவராகிய கமாண்டன்ட் 2020 நவம்பரில் கைதானார். தீர்ப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் 20,000 மாடுகளும் தாமே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, தாமே லாரி ஏறி எல்லைக்கு வந்துசேர்ந்தன என்று நம்பும் அளவுக்கு இந்த மாநிலத்து மக்கள் கணக்கறியாதவர்கள் அல்லர். மாடு பிடிபட்டது, ஆள் பிடிபடவில்லை!

இதைப் பேசுவதற்குத் தென் கொல்கத்தாவின் டாலிகஞ்சைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1770களில் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேய அதிகாரி, தூர்ந்துகிடந்த ஆதிகங்கையை வெட்டித் திறந்து, கல்கத்தாவைக் கிழக்கு வங்காளத்து ஆறுகளோடு இணைத்து, கடந்துசென்ற படகுகளிடம் சுங்கம் வாங்கினார். கரையில் எழுந்த கஞ்ச், அதாவது சந்தை, அவர் பெயரை ஏற்றது. 1947க்குப் பின், அதே கிழக்கிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்கள் பிஜோய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் என இவ்வட்டாரத்தில் குடியிருப்புகளைத் தம் கையாலேயே எழுப்பினார்கள். வெளிப்படையான வணிகமும் எல்லை கடந்து வந்த உழைப்பும் கட்டிய ஊர் இது. எல்லை ஊரைக் கெடுப்பதில்லை. எல்லைச் சட்டத்தை ஏலம் விடுபவரே கெடுக்கிறார்.

இந்திய வங்கதேச எல்லையின் நீளம் 4,096 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல், 2,216 கிலோமீட்டர், மேற்கு வங்கத்தினுடையது. முள்வேலி எல்லைக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 150 கஜம் உள்ளே போடப்பட்டிருப்பதால், வேலிக்கு அப்பால் நிலம் கிடக்கும் உழவர், அடையாள அட்டையைக் காட்டி, குறித்த நேரத்தில் திறக்கும் கதவு வழியே போய், குறித்த நேரத்தில் திரும்ப வேண்டும். காவலரின் பார்வையை மறைக்கும் என்று பல இடங்களில் சணல் பயிரிடவும் தடை. மண்வெட்டியோடு போகும் கிழவர் எண்ணப்படுகிறார். 20,000 மாடுகளின் முதலாளி எண்ணப்படவில்லை. உழவு கட்டுப்படியாகாத ஊரில் இரவுக் கூலி வயற்கூலியை மிஞ்சும்போது, பையன் பள்ளியை விட்டு ராக்கால் ஆகிறான். மேய்ப்பன் என்ற பொருளுடைய அந்த வங்கச் சொல், எல்லையில் மாடு ஓட்டுபவனுக்கு வழங்கும் பெயர். பத்தாண்டுகளில் 900க்கு மேற்பட்ட வங்கதேசத்தவர் எல்லைப் படையால் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் 2010இல் எழுதியது. மாடு ஓட்டியவர்களும் அவர்களுள் உண்டு. ராக்காலைத் தேடி இருட்டிலும் குண்டு வருகிறது, முதலாளியைத் தேடிப் பகலிலும் சம்மன் எளிதில் போவதில்லை! முதலாளி சேர்த்த பணமோ ஊரில் ஒரு தறியாகவில்லை, ஓர் ஆலையாகவில்லை. நிலத்தின் விலையையும் அதிகாரத்தின் விலையையுமே அது ஏற்றிவிடுகிறது.

வேலியை உயர்த்தினால் தீரும் என்று ஒரு சாரார் முழங்குகிறார்கள். ஏல ரசீதோடு போன மாட்டை எத்தனை அடி வேலி தடுக்கும்? ஏழைக்கு இதுவாவது பிழைப்பு என்று இன்னொரு சாரார் உருகுகிறார்கள். அத்தனை நல்ல பிழைப்பென்றால், ஒரே ஓர் இரவுக்குத் தம் பிள்ளைகளை ராக்காலாக அனுப்பட்டும்.

தமிழருக்கு இது அயலூர்க் கதையும் அன்று. இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபின், ஈரோட்டுச் சந்தையில் பகலில் விலைபேசும் பொருள் மண்டபம் கடற்கரையில் இரவுச் சரக்காயிற்று. விமானத்தில் தங்கத்தை மறைத்துக் கொண்டுவரும் கூலி ஆளைச் சென்னையில் குருவி என்பார்கள். பெரும்பாலும் சிக்குவது குருவிதான், அதைப் பறக்கவிட்டவன் அல்லன். அங்கே குருவி, இங்கே மாடு. ஆள் மட்டும் எங்கும் எளிதில் பிடிபடுவதில்லை!

கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் உள்ள பெட்ராபோல் தரைவழித் துறைமுகத்தில், முறையான ஆவணங்களோடு வந்த லாரிகள் நாள்கணக்கில் நின்ற காலம் உண்டு. களவு மாட்டுக்கோ ஒரே நாளில் ஏலம் முடிந்தது. நேர்மை வரிசையில் நிற்க, களவு முந்திச் செல்லும் மண்ணில் எந்தத் தொழிலும் வேரூன்றாது. ஆகவே, ஒவ்வொரு பறிமுதலுக்கும் வண்டி எண், கைதானவர் விவரம், ஏலம் எடுத்தவர் பெயர் ஆகிய மூன்றும் ஊர்தோறும் பலகையில் எழுதப்பட வேண்டும். அந்தப் பலகையில் ஆளின் இடம் வெறுமையாக இருந்தால், அன்றிரவு அங்கே காவலிருந்தவரின் பெயரே அதில் எழுதப்பட வேண்டும்.